ஓடக்கூடாத மில்

அந்தத் தெருவுக்கு முன்னேற்றம் வந்த அன்று மில்லக்காவின் மோட்டார் தரையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது. வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் இந்தக் கதைக்கே வேலையில்லை. முந்தின நாள் சாயங்காலம்வரை நன்றாக ஓடிய மாவு மில்தான். பேரிங் போய்விட்டது, மோட்டார் கீச்சுக் கீச்சென்று கத்தியது. அவளுடைய தம்பி மோட்டார் மெக்கானிக். காலையிலேயே வந்து பிரித்துப் போட்டுவிட்டு, "மத்தியானத்துக்குள்ள ஓட வச்சிடறேன்க்கா" என்று புது பேரிங் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கெடுக்க இரண்டு பேர் உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பேர் கழுத்திலும் அட்டை தொங்கியது.

"இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"இன்னைக்குக் காலையிலிருந்துதான்."

"அப்படி இல்ல. பொதுவா சொல்லுங்க."

"பொதுவா ஓடும்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய கேள்வித்தாளில் 'பொதுவாக ஓடும், இன்று மட்டும் ஓடவில்லை' என்று ஒரு கட்டம் கிடையாது. இருந்தது இரண்டே கட்டங்கள். தரையில் கிடந்த மோட்டாரைப் பார்த்தால் எதில் டிக் அடிப்பது என்பதில் சந்தேகம் எழ வாய்ப்பே இல்லை. அடித்துவிட்டு மோட்டாரைப் படம் பிடித்தார்கள். மில்லக்காவை அதன் பக்கத்தில் உட்கார வைத்து இன்னொரு படம்.

"சிரிக்காதீங்க" என்றார்கள்.

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் மிச்சமில்லை. தெருவுக்கே அவள் மில்லக்கா. புருஷன் வெளியூருக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற மகளுக்கும் சோறு போட்டது அந்த மில். கோதுமை, சோளம், மிளகாய், எதைக் கொண்டுவந்தாலும் அரைத்துக் கொடுப்பாள். புருவத்தில் எப்போதும் மாவு படிந்திருக்கும். போட்டோ எடுப்பவர்கள் கேட்டார்கள் என்பதற்காகச் சிரிக்காமல் இருப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

மத்தியானத்துக்கு முன்னாலேயே ஒருங்கிணைப்பாளர் வந்து இறங்கினார். கணக்கெடுக்க ஆள் அனுப்பிய அமைப்பின் பெயரை முழுசாகச் சொல்லி முடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், மக்கள் தாங்களே முன்னேறும்படி மக்களுக்குள்ளேயே திறனை வளர்க்கும் மையம். தெருவில் அத்தனை பேர் உட்கார இடமிருந்தது மில்லில் மட்டும்தான். அதனால் கூட்டம் அங்கேயே கூடியது. சனங்கள் காலி மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் மாவு படாத ஒரு இடத்தைத் தேடி, கிடைக்காமல், நின்றுகொண்டே பேசினார்.

"முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நாங்க உங்களுக்கு எதையும் கொடுக்க வரலை." கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். "கொடுத்தா என்ன ஆகும்? நீங்க வாங்கிக்குவீங்க. வாங்கிக்கிட்டா உங்க பிரச்சினை தீர்ந்துடும். பிரச்சினை தீர்ந்துட்டா அப்புறம் உங்க திறனை எதை வச்சு வளர்க்கிறது?"

 தையல்காரர் மட்டும் எழுந்தார். தெருவில் நாலு பேருக்கு நடுவே பேசக்கூடியவர் அவர்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். எங்களுக்கு இந்தச் சாக்கடையை மூடிக் கொடுத்தா போதும்."

"உங்க பிரச்சினை சாக்கடைதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்க என்ன சார் இருக்கு? வாசல்லதான் ஓடுது."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா நீங்க எல்லாரும் சேர்ந்து அதை உணர்ந்திருக்கீங்களா?"

தையல்காரர் மூக்கால் கொஞ்சம் உணர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

இந்த நேரத்தில்தான் தம்பி எண்ணெய்த்தாளில் சுற்றிய பேரிங்கோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்து மலைக்கவில்லை. கால்களை விலக்கிக்கொண்டு போய் மோட்டார் பக்கத்தில் குந்தி, ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

"தொடாதீங்க!"

ஒருங்கிணைப்பாளர் போட்ட சத்தத்தில், கரண்ட் அடித்துவிட்டதோ என்று பயந்து பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். அப்புறம் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். எந்த முன்னேற்றத்துக்கும் முன்நிலை என்று ஒன்று உண்டு. முன்நிலை என்பது முன்னேற்றத்துக்கு முன்னால் இருந்த நிலை. அது பதிவாகிவிட்டது, படமும் எடுத்தாகிவிட்டது. திட்டம் முடிகிறவரை முன்நிலை கலையக்கூடாது.

"கலைஞ்சா என்ன சார் ஆகும்?" என்றாள் மில்லக்கா.

"உங்க மில் ஓட ஆரம்பிச்சிடும்."

"அது நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லது. ஆனா அது எங்களால ஓடுச்சா, தானா ஓடுச்சான்னு மேலிடத்துல கேட்டா நான் என்னம்மா சொல்றது?" பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இன்னொரு விஷயமும் இருக்கு. ஓடாத தொழில் ஒண்ணாவது இருக்கிற தெருவைத்தான் எடுக்கணும்னு விதி. இந்தத் தெருவில ஓடாத தொழில் இது ஒண்ணுதான். இதுவும் ஓடிட்டா நாங்க அடுத்த தெருவுக்குப் போயிடுவோம். அங்கே ஒரு டயர் கடை ரொம்ப நாளா மூடியே கிடக்குது."

அடுத்த தெரு என்று சொன்னதும் கூட்டம் விறைத்துக்கொண்டது. அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே விளக்கு வந்திருந்தது. சாக்கடை மூடுகிற வேலையும் அங்கே போய்விட்டால் இவர்கள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"முடிவு உங்களோடது. நாங்க மூக்கை நுழைக்கவே மாட்டோம்" என்று சொல்லி ஒருங்கிணைப்பாளர் எல்லோருக்கும் வண்ணச் சீட்டு கொடுத்தார். மில் நிற்கட்டும் என்று நினைப்பவர்கள் பச்சை. மில் இப்போதைக்கு நிற்கட்டும் என்று நினைப்பவர்கள் மஞ்சள். மில்லக்கா ரொம்ப நேரம் யோசித்து மஞ்சள் போட்டாள். பச்சை ஜெயித்தது. அந்தத் தெரு தன் சொந்தப் புத்தியால் எடுத்த முதல் பொருளாதார முடிவு அதுதான் என்று ஒருங்கிணைப்பாளர் அறிவித்தபோது எல்லோருக்குமே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. குழுத் தலைவராகத் தையல்காரர் தேர்வானார்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா" என்றார் அவர், போகும்போது. "எல்லாருக்கும் நல்லதுதானே. முடியறப்போ உனக்குப் புது மெஷினே வந்து இறங்கும் பாரு."

"அவரு அப்படிச் சொல்லலையேண்ணே."

"எல்லாத்தையும் வாயால சொல்லுவாங்களா?"

கூட்டம் கலைந்ததும் தம்பி கேட்டான். "ஏன்க்கா, அந்த ஆள் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"புரியலடா. ஆனா எல்லாரும் தலையை ஆட்டறாங்களே."

"அரை நாள் வேலைக்கா இது."

"எனக்குத் தெரியாதா? தெருவையே பகைச்சுக்கிட்டு நான் யாருக்குடா மாவு அரைக்கிறது?"

அவன் பேரிங்கை எண்ணெய்த்தாளோடு தராசு மேசையின் இழுப்பறைக்குள் போட்டான். தம்பிக்கு அன்று வந்த கோபம் நியாயமான கோபம். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்தால் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று அவனுக்கே தெரியவில்லை.

பயிற்சிகள் ஆரம்பமாயின. மில்லில் மெஷினைச் சுற்றி ரிப்பன் கட்டினார்கள், யாரும் முன்நிலையை மிதித்துவிடக்கூடாது என்று. மிச்ச இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. சுவர் முழுக்க ஒட்டுத்தாள்கள். வந்திருந்தவர்களுக்கு மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு. மில்லக்கா தன் பொட்டலத்தில் பாதியைச் சாப்பிட்டு மீதியை மகளுக்கு எடுத்துவைத்தாள். மில் நின்ற பிறகு வீட்டில் வேறு வருமானம் இல்லை.

முதல் பயிற்சி கனவு காண்பது. வருங்காலத்தில் உங்கள் தொழில் எப்படி இருக்க வேண்டுமோ அதை வரையுங்கள் என்றார்கள். மில்லக்கா ஒரு மில்லை வரைந்தாள். பெல்ட் சுற்றுவது தெரியும்படி அதன்மேல் இரண்டு கோடு போட்டாள். வாசலில் வாளியோடு ஆட்கள்.

"இது ஏற்கெனவே இருந்ததுதானே?" என்றார் ஒருங்கிணைப்பாளர், ஏமாற்றத்தோடு.

"ஆமா சார். அதுதான் வேணும்."

"பின்னால போறதுக்குப் பேரு கனவு இல்லம்மா."

தையல்காரர் விமான நிலையம் வரைந்திருந்தார். ஓடுபாதை சாக்கடைக்கு மேலேயே போனது. அவருக்குப் பேனா பரிசு.

அடுத்தது வாடிக்கையாளரிடம் பழகுவது எப்படி என்ற பயிற்சி. ஒருவர் வாடிக்கையாளராக நடிக்க வேண்டும், மில்லக்கா மில்காரியாக நடிக்க வேண்டும். அவள் எழுந்து ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நின்று, இல்லாத ஹாப்பரில் இல்லாத கோதுமையைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நிஜமான கோதுமையோடு பழைய பஸ் டிரைவர் வந்து நின்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வாராவாரம் வருகிற மனிதர்.

"மில்லக்கா, இதை அரைச்சுக் குடும்மா."

"வாங்கய்யா, நல்ல நேரத்துல வந்தீங்க" என்று ஒருங்கிணைப்பாளர் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். "வாளியை வெளியே வச்சிடுங்க. வாளி இருக்கிறதா நினைச்சுக்கிட்டு வாங்க."

டிரைவர் வாழ்க்கை முழுக்க பஸ்ஸில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர். மறுபேச்சுப் பேசாமல் வாளியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, இல்லாத வாளியை நீட்டினார். மில்லக்கா வாங்கினாள், அரைத்தாள், கொடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுடைய பார்வை வாடிக்கையாளர் முகத்தில் பதியவில்லை என்று குறை சொன்னார்கள். பதியாதுதான். அவளுடைய பார்வை வாசலில் இருந்த வாளிமேல் இருந்தது.

"அப்போ மாவு?" என்று டிரைவர் வெளியே வந்து மெதுவாகக் கேட்டார்.

"இப்போ முடியாதுங்கய்யா."

"எப்போ முடியும்?"

அவள் உள்ளே கட்டியிருந்த ரிப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய மில்லுக்கு நடந்தார். வயசான மனிதர் நடுவழியில் வாளியை இறக்கிவைத்துக் கை மாற்றிக்கொண்டு போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. உள்ளேயிருந்து, உணர்வுகளை வெளிப்படுத்தும் பயிற்சி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் என்று கூப்பிட்டார்கள்.

இப்படியே மழைக்காலம் வந்து போயிற்று. சாக்கடை பொங்கி மில் வாசல்படிவரை வந்தது. அதைக் குழு கூடி உணர்ந்தது. ஒரு விடுமுறை நாளில், பயிற்சியாளர்கள் யாரும் வராத நேரத்தில், தம்பி வந்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிப்பனை அறுத்து எறிந்தான். இழுப்பறையிலிருந்து பேரிங்கை எடுத்து மாட்டினான், மோட்டாரைத் தூக்கி உட்கார வைத்தான், பெல்ட்டை இழுத்துப் போட்டான்.

"சுவிட்சைப் போடுக்கா."

போட்டாள். கல் சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! சுவரில் ஒட்டியிருந்த தாள்களெல்லாம் நடுங்கி ஒன்றொன்றாக உதிர்ந்தன. மில்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள், சத்தம் கேட்டதும் சனங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள் என்று.

ஓடித்தான் வந்தார்கள். ஒருவர் கையிலும் வாளி இல்லை.

"நிறுத்தும்மா! நிறுத்து முதல்ல!" தையல்காரர் அளவு டேப் கழுத்தில் தொங்க மூச்சிரைக்க வந்து தாமே சுவிட்சை அணைத்தார். "யாராவது கேட்டா என்ன ஆகறது? அடுத்த தெருக்காரன் காதுல விழுந்திருக்கும். இத்தனை நாள் பட்ட கஷ்டத்தை எல்லாம் பாழாக்கிட்டீங்களே!"

"கஷ்டப்பட்டது எங்க அக்கா. உங்களுக்கு என்னய்யா?" என்றான் தம்பி.

"நாங்க மட்டும் படலையா? நானும்தான் பயிற்சிக்கு வந்தேன். எத்தனை சட்டை தைக்காம கிடக்குது தெரியுமா?"

அது உண்மைதான். யாருடைய வேலையும் நடக்கவில்லை. தையல்காரருடைய கடையும் பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது. பின்னே, இவ்வளவையும் தாங்கிக்கொண்டவர்கள் கடைசி நேரத்தில் ஒரு மில் ஓடி எல்லாம் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களா? மறுநாள் ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில், குழுவின் ஏகமனதான விருப்பப்படி, பேரிங்கைக் கழற்றும் நிகழ்ச்சி நடந்தது. தம்பிதான் கழற்றினான். அவன் கண் சிவந்திருந்தது. முடிந்ததும் கைதட்டினார்கள்.

"பார்த்தீங்களா?" ஒருங்கிணைப்பாளர் எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினார். "நான் சொல்லாமலே நீங்களே தடுத்திருக்கீங்க. ஒரு நாள் நாங்க வராமலே இதையெல்லாம் நீங்களே செய்வீங்க. அன்னைக்குத்தான் எங்க வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

தம்பி ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். "நான் வரேன்க்கா" என்றான். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய மில்லில் மெக்கானிக் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள், போய்ச் சேர்ந்துவிட்டான்.

நிறைவு விழாவுக்கு இயக்குநரே வந்தார். அவருக்காக மில்லைக் கழுவித் துடைத்தார்கள். மாவு வாசனைகூட மிச்சமில்லாமல் போயிற்று. அவர் மோட்டாரை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

"போன தடவை ஒரு தெருவுக்குப் போயிருந்தேன். அங்கே எல்லாத் தொழிலும் நல்லா நடக்குது. எனக்கு ரொம்ப வருத்தமாயிடுச்சு. எங்களைக் கேட்காமலே நடக்குதே, நாங்க இவங்களுக்கு என்ன துரோகம் பண்ணோம்? உங்களைப் பார்க்கிறப்போ மனசுக்கு நிறைவா இருக்கு. நீங்க எதைச் செய்யறதா இருந்தாலும் எங்களைக் கேட்டுத்தான் செய்யறீங்க. இதைத்தான் நாங்க சுயசார்புன்னு சொல்றோம்."

மில்லக்காவைப் பேசச் சொன்னார்கள். திட்டம் தொடங்கியபோது ஒலிபெருக்கியைப் பார்த்தாலே அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இப்போது மடமடவென்று பேசினாள்.

"முன்னாடி எனக்கு மில் ஓட்ட மட்டும்தான் தெரியும். இப்போ என் மில் ஏன் ஓடலைங்கிறதைப் பத்தி எந்தச் சபையிலயும் பேசத் தெரியும்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

விழா முடிந்து கார் ஏறப் போன ஒருங்கிணைப்பாளரிடம் அவள் ஓடிப் போனாள். "சார், புது மெஷின்?"

"என்னம்மா நீங்க!" அவர் உண்மையாகவே நொந்துபோனார். "இவ்வளவு தூரம் வந்துட்டு மறுபடியும் மெஷினா? இனிமே முன்நிலை இல்ல. தாராளமா ரிப்பேர் பண்ணிக்குங்க. உங்க மில், உங்க உரிமை."

"சாக்கடை?" என்றார் தையல்காரர்.

"அது ரெண்டாம் கட்டத்துல வரும்."

தம்பி தன் விடுமுறை நாளில் வந்தான்.  அவன் பேரிங்கை மாட்டிவிட்டு மகளுக்குக் கொண்டுவந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினான். பொட்டலத்தில் பெரிய மில்லின் மாவு.

மறுநாள் காலையில் மில்லக்கா சுவிட்சைப் போட்டாள். கல் சுற்றியது. யாரும் ஓடி வந்து நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் எதற்கும் வரவில்லை. தெருவில் எல்லோரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பழகிவிட்டார்கள், அல்லது பாக்கெட் மாவுக்கு மாறிவிட்டார்கள். பழைய பஸ் டிரைவர் அந்த வழியாக வந்தார். அவர் கையிலும் பாக்கெட்தான். அவளைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்கய்யா."

"சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

தானியம் விழாமல் சுற்றினால் கல்லோடு கல் உரசும். அந்தக் கரகரச் சத்தத்தைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மில்லக்காவுக்குப் பல் கூசியது. அணைத்தாள். மறுநாளும் போட்டுப் பார்த்தாள், அணைத்தாள். அந்த வாரம் முழுக்க மில் ஓடும் நிலையில் இருந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வழியில்லை. ஓடாமல் கிடந்தபோதாவது பொட்டலம் வந்தது.  பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகளின் கண் மேசைப் பக்கம் போய்த் திரும்புவதை அம்மாவால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் கட்டத்துக்குக் கணக்கெடுக்க வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த தெருவில் டயர் கடைக்காரன் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டுப் போட்டுத் தயாராக இருக்கிறானாம். தையல்காரர் மில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. சுவிட்சை அணைத்த அதே கையால் கழுத்து டேப்பைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"ஏம்மா," என்று ஆரம்பித்தார். வாசல்படியைப் பார்த்தார். மனிதர் கெட்டவர் இல்லை.

"உள்ளே வாங்கண்ணே" என்றாள் மில்லக்கா. "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. தம்பி இல்லாம ஒத்தை ஆளா இறக்க முடியல."

மோட்டார் ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது. பேரிங் எண்ணெய்த்தாளுக்குள் போய், தாள் இழுப்பறைக்குள் போயிருந்தது. அவர்கள் இருவருமாக மோட்டாரைத் தரையில் இறக்கினார்கள். போல்ட்டுகளை முதல் தடவை எப்படிச் சிதறிக் கிடந்தனவோ அப்படியே அவள் சிதற விட்டாள். ரிப்பனைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுச் சுற்றிக் கட்டினாள். நாற்காலிகளைத் தையல்காரர் வரிசையாகப் போட்டார்.

கணக்கெடுப்பவர்களோடு ஒருங்கிணைப்பாளரும் வந்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நாங்களேதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்கெடுப்பவர்கள் கேமராவை எடுத்தார்கள். மில்லக்கா போய் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிக்காதீங்க என்று இந்த முறை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.